விலை குறைந்த தேயிலையை ஏன் கடலில் கொட்டினார்கள்? வினாத்தாள் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் வட்டாரப் பள்ளிகளுக்குப் பொது வினாத்தாளும் விடைக்குறிப்பும் தயாரிக்கும் குழுவினருக்கு,

ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல் அரையாண்டுத் தேர்வில் நீங்கள் கேட்ட ஒரு மதிப்பெண் வினா இது: 1773இல் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலை கடலில் கொட்டப்பட்டதற்குக் காரணம் என்ன? ‘தேயிலை மீதான வரி உயர்த்தப்பட்டு அதன் விலை ஏறியது’ என்பதுதான் சரியான விடை என்கிறது உங்கள் விடைக்குறிப்பு. ‘மேற்கண்ட எதுவும் இல்லை’ என்று எழுதிய என் மாணவர்களுக்கு மதிப்பெண் கிடையாது. அமெரிக்க விடுதலைப் போரின் காரணங்களைக் கேட்ட ஐந்து மதிப்பெண் வினாவிலும் இதே கதைதான். ‘தாங்க முடியாத வரிச்சுமை, விலை உயர்வு, மக்கள் கொதிப்பு’ என்ற சொற்கள் இருந்தால் முழு மதிப்பெண், இல்லாவிட்டால் பாதி என்று குறித்து அனுப்பியிருக்கிறீர்கள்.

இது தவறு என்று எழுதிக் கொடுத்தேன். எழுத்தில் பதில் வரவில்லை, தொலைபேசியில் வந்தது. “குறிப்பில இருக்கிறபடி திருத்துங்க சார். ஒரு மார்க்குக்கு இவ்வளவு பேசணுமா?”

பேசத்தான் வேண்டும். தனியாகப் பேசியதற்குப் பலன் இல்லை என்பதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

1773 மே மாதம் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேயிலைச் சட்டம், அமெரிக்கக் காலனிகளில் தேயிலை வரியை ஒரு பென்னிகூட உயர்த்தவில்லை. ராத்தலுக்கு (அன்றைய எடை அளவு, ஏறக்குறைய அரைக் கிலோ) மூன்று பென்ஸ் என்ற வரி, நிதியமைச்சர் சார்லஸ் டவுன்ஷெண்ட் 1767இல் கொண்டுவந்தது. அது அப்படியே இருந்தது. புதிய சட்டம் செய்தது வேறு வேலை. அதுவரை கிழக்கிந்தியக் கம்பெனி தன் தேயிலையை லண்டனில் ஏலம் விட வேண்டும். ஏலத்தில் எடுத்தவர்கள் அமெரிக்காவுக்கு அனுப்புவார்கள், அங்குள்ள வியாபாரிகள் வாங்கி விற்பார்கள். இனிமேல் கம்பெனியே நேராக அனுப்பலாம், தான் பொறுக்கி எடுத்த முகவர்களை வைத்து விற்கலாம், இங்கிலாந்தில் கட்டிய சுங்கத்தையும் திரும்பப் பெறலாம் என்றது சட்டம். நடுவில் நின்ற கைகள் போனால் விலை என்னவாகும்? இறங்கும். ஹாலந்திலிருந்து கள்ளத்தனமாக வந்துகொண்டிருந்த தேயிலையோடு போட்டி போடும் அளவுக்கு இறங்கும். லண்டனின் கணக்கும் அதுதான். மலிவாகக் கிடைத்தால் வாங்கிக் குடிப்பார்கள், குடித்தால் மூன்று பென்ஸ் வரியும் சத்தமில்லாமல் வந்துவிடும்.

பாஸ்டன்காரர்களுக்கு இந்தக் கணக்கு புரிந்தது. உங்கள் விடைக்குறிப்பில்தான் அது இல்லை.

அந்த டிசம்பரில் நடந்ததைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். நவம்பர் 28ஆம் தேதி ‘டார்ட்மவுத்’ கப்பல் தேயிலையோடு வந்து சேர்ந்தது. ‘எலினார்’, ‘பீவர்’ என்ற இரண்டு கப்பல்கள் பின்னால் வந்தன. வந்த 20 நாளுக்குள் சுங்கம் கட்டிச் சரக்கை இறக்க வேண்டும், இல்லாவிட்டால் சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்துவிடுவார்கள் என்பது விதி. ஊர்க்கூட்டம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: தேயிலையை இறக்காமல் கப்பலைத் திருப்பி அனுப்புங்கள். விலையைக் குறைக்கச் சொல்லி அங்கே யாரும் கேட்கவில்லை. வரி கட்டாத கப்பலைத் திரும்பிப் போக விட முடியாது என்றார் ஆளுநர் தாமஸ் ஹட்சின்சன். தேயிலை விற்கக் கம்பெனி தேர்ந்தெடுத்த முகவர்களில் அவருடைய மகன்களும் இருந்தார்கள் என்பதையும் மனதில் வையுங்கள். டிசம்பர் 16ஆம் தேதி, கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது, பழைய தெற்குக் கூட்ட மண்டபத்தில் சுமார் 5,000 பேர் கூடினார்கள். கப்பல் உரிமையாளர் பிரான்சிஸ் ராட்ச்சை ஆளுநரிடம் கடைசியாக ஒருமுறை அனுமதி கேட்டு வரச் சொல்லி அனுப்பினார்கள். இருட்டும் வேளையில் அவர் வெறுங்கையோடு திரும்பினார். அதற்குப் பிறகுதான் மோஹாக் பழங்குடியினர் போல வேடமிட்டவர்கள் கப்பல்களில் ஏறி, 342 பெட்டிகளைப் பிளந்து, 92,000 ராத்தலுக்கு மேற்பட்ட தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். கம்பெனி சொன்ன நஷ்டக் கணக்கு 9,659 பவுண்டு. வேறு சரக்கைத் தொடவில்லை. உடைந்த ஒரு பூட்டுக்குப் பதில் புதுப் பூட்டு வாங்கிக் கொடுத்ததாகவும் பதிவு இருக்கிறது.

விலை ஏறியதால் ஆத்திரப்பட்ட கூட்டம் சரக்கைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும். இவர்கள் ஏன் மலிவான தேயிலையைத் தண்ணீரில் போட்டார்கள்? அது கரை இறங்கினால் வரி கட்டியதாக ஆகிவிடும். ஒருமுறை கட்டிவிட்டால், எங்கள் மேல் வரி போட உங்களுக்கு உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். ‘மேற்கண்ட எதுவும் இல்லை’ என்று என் மாணவர்கள் எழுதியதன் பொருள் இதுதான்.

தேயிலை ஒன்று மட்டும் இப்படி என்றால் விதிவிலக்கு என்று விட்டுவிடலாம். 1764க்குப் போங்கள். பிரான்சோடு நடந்த ஏழாண்டுப் போர் 1763இல் முடிந்தபோது பிரிட்டனின் தேசியக் கடன் ஏறக்குறைய இரட்டிப்பாகியிருந்தது. அமெரிக்காவில் படையை நிறுத்தி வைக்கவும் பணம் வேண்டும். அதற்காகப் பிரதமர் ஜார்ஜ் கிரென்வில் கொண்டுவந்த சர்க்கரைச் சட்டம் என்ன செய்தது தெரியுமா? வெல்லப்பாகின் மீது 1733 முதல் இருந்த ஆறு பென்ஸ் வரியை மூன்று பென்ஸாகக் குறைத்தது. பாதியாக! ஆனாலும் துறைமுக ஊர்கள் கொதித்தன. பழைய ஆறு பென்ஸ் ஏட்டில்தான் இருந்தது, லஞ்சம் கொடுத்தும் கடத்தியும் ஏய்த்துவிடுவார்கள். புதிய மூன்று பென்ஸை நிஜமாகவே வசூலிக்கப் போகிறார்கள். அதுவும் வணிகத்தைச் சீர்படுத்த இல்லை, வருவாய்க்காக என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். பிடிபட்டவர்களை உள்ளூர் ஜூரி இல்லாத கடற்படை நீதிமன்றத்தில் நிறுத்தலாம் என்றும் ஏற்பாடு.

1770இல் மறுபடி குறைத்தார்கள். கண்ணாடி, ஈயம், வண்ணப்பூச்சு, காகிதம், தேயிலை என்று டவுன்ஷெண்ட் போட்ட வரிகளில் தேயிலையைத் தவிர மற்றதையெல்லாம் எடுத்துவிடப் பிரதமர் நார்த் பிரபு முன்மொழிந்தார். முன்மொழிந்த நாள் மார்ச் 5. அதே நாள் இரவு பாஸ்டன் தெருவில் சிப்பாய்கள் சுட்டதில் ஐந்து பேர் செத்தார்கள். அதில் ஒருவரான கிரிஸ்பஸ் அட்டக்ஸ் ஆப்பிரிக்க, பூர்வகுடி வம்சாவளியினர் என்று சொல்லப்படுகிறவர். தேயிலை வரியை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள்? வரி விதிக்கும் உரிமை எங்களுக்கு உண்டு என்று காட்ட ஓர் அடையாளம் வேண்டுமாம்.

1764, 1770, 1773. மூன்று தடவையும் வரியோ விலையோ இறங்கியது, சண்டை ஏறியது. ‘வரி உயர்வு, ஆகவே புரட்சி’ என்ற உங்கள் சூத்திரத்தில் இந்த மூன்று ஆண்டுகளையும் எங்கே வைப்பீர்கள்?

1765இன் முத்திரைச் சட்டம் புது வரிதான், மறுக்கவில்லை. செய்தித்தாள், பத்திரம், பஞ்சாங்கம், சீட்டுக்கட்டு, தாயக்கட்டை என்று எல்லாவற்றுக்கும் முத்திரை. வக்கீல்களையும் அச்சகக்காரர்களையும் ஒரே சமயத்தில் பகைத்துக்கொள்ள இதைவிட நல்ல வழி இருக்க முடியாது என்று தோன்றும். ஆனால் அங்கேயும் சண்டை தொகையைப் பற்றி நடக்கவில்லை. பிரிட்டனில் இருந்தவர்களோடு ஒப்பிட்டால் காலனிக்காரர்கள் கட்டிய வரி மிகக் குறைவு. அந்த அக்டோபரில் ஒன்பது காலனிகளின் பிரதிநிதிகள் நியூயார்க்கில் கூடி எழுதிய தீர்மானங்களும் உரிமையைத்தான் பேசின: எங்கள் பிரதிநிதிகள் இல்லாத சபை எங்கள் மேல் வரி போடக்கூடாது. அதற்கு லண்டன் சொன்ன சமாதானம் சுவையானது. மான்செஸ்டருக்கும் பர்மிங்காமுக்கும் தனி உறுப்பினர் கிடையாது, அவர்கள் வரி கட்டவில்லையா? ஒவ்வோர் உறுப்பினரும் பேரரசு முழுவதற்கும் பிரதிநிதி, ஆகவே உங்களுக்கும் பிரதிநிதி என்றார்கள். வகுப்பில் நான் அதிகம் நேரம் செலவிடும் இடம் இது. மான்செஸ்டருக்கு உறுப்பினர் இல்லாதது நியாயமா என்று பிள்ளைகள் தாங்களே கேட்பார்கள்.

1766 மார்ச் 18இல் முத்திரைச் சட்டத்தை விலக்கிக்கொண்டார்கள். உங்கள் கணக்குப்படி கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அதே நாளில் இன்னொரு சட்டமும் நிறைவேறியது: எந்த விஷயமானாலும் காலனிகளைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு என்ற பிரகடனச் சட்டம். பணத்தை விட்டுக்கொடுத்து அதிகாரத்தை வைத்துக்கொண்டார்கள். உங்கள் விடைக்குறிப்பில் இந்தச் சட்டத்தின் பெயர்கூட இல்லை.

ஒன்பதாம் வகுப்புக்கு இவ்வளவு தேவையா என்று கேட்பீர்கள். என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். பாடம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, “எங்க அடுக்குமாடி சங்கத்துல எங்க மாடிக்காரங்கள கூட்டத்துக்கே கூப்பிடாம மாசம் பத்து ரூபா ஏத்திட்டாங்க சார். அப்பா பத்து ரூபாய்க்கா கத்தினாரு? கூப்பிடலன்னுதான் கத்தினாரு” என்றாள். வகுப்பே பிடித்துக்கொண்டது. அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அதே மாணவிதான் இந்த ஒரு மதிப்பெண்ணை இழந்தவர்களில் ஒருத்தி. தாளைக் கொடுத்தபோது, “பரீட்சைக்கு ஒண்ணு, நிஜத்துக்கு ஒண்ணுன்னு படிக்கணுமா சார்?” என்று கேட்டாள். நீங்கள் பதில் சொல்லுங்கள்.

நம் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் தூரத்து நாட்டுச் சங்கதியும் இல்லை. கொட்டப்பட்ட தேயிலை சீனத்துச் சரக்கு. இந்தியாவில் தேயிலைத் தோட்டங்கள் வந்தது அடுத்த நூற்றாண்டில்தான். ஆனால் அதைக் கப்பலேற்றிய கம்பெனி நமக்கு நன்றாகத் தெரிந்த கம்பெனி. வங்காளத்தில் வரி வசூலிக்கும் திவானி உரிமையை 1765இல் வாங்கியது, அதாவது முத்திரைச் சட்டம் வந்த அதே ஆண்டில். 1770இல் அங்கே பெரும் பஞ்சம், லட்சக்கணக்கானவர்கள் மாண்டார்கள். 1772இல் கம்பெனியே திவாலாகும் நிலை. கிடங்குகளில் விற்காத தேயிலை மலையாகக் கிடந்தது. அரசாங்கத்திடம் 14 லட்சம் பவுண்டு கடன் வாங்கியது. அந்தக் கம்பெனியைக் கைதூக்கி விடத்தான் தேயிலைச் சட்டம். இது அமெரிக்கர்களுக்கும் தெரியும். பென்சில்வேனியாவின் ஜான் டிக்கின்சன் 1773இல் ‘ரஸ்டிகஸ்’ என்ற புனைபெயரில் எழுதியபோது, வங்காளத்தில் மக்களைப் பட்டினியில் சாகவிட்டவர்கள் இப்போது நம்மிடம் வருகிறார்கள் என்ற பொருளில் எச்சரித்தார். நம் நாட்டுப் பஞ்சம் பாஸ்டன் துறைமுகத்தோடு இப்படித் தொடுகிறது. இதை ஒரு ‘விலை உயர்வு’ விழுங்கிவிடுகிறது.

அப்புறம் கார்ன்வாலிஸ். 1781 அக்டோபரில் அமெரிக்காவின் யார்க்டவுனில் அவர் தலைமையிலான பிரிட்டிஷ் படை சரணடைந்தது. ஐந்தே ஆண்டில் அதே மனிதர் வங்காளத்தின் தலைமை ஆளுநர். 1793இல் வங்காளத்தில் நிரந்தர நிலவரித் திட்டம் அவர் காலத்தில்தான் வந்தது. சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் அவர் சிலை நிற்கிறது, பீடத்தில் திப்புவின் மகன்களைப் பணயமாகப் பெறும் காட்சி. பிள்ளைகளை அங்கே அழைத்துப் போய்க் காட்டியிருக்கிறேன். “அமெரிக்காவுல தோத்தவரா சார் இவரு?” என்று ஒருவன் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது.

அந்தக் காலனிக்காரர்களை நான் உத்தமர்களாக்கச் சொல்லவில்லை. கம்பெனி நேராக விற்றால் கடத்தல் தேயிலையில் சம்பாதித்தவர்களுக்கும் உள்ளூர் வியாபாரிகளுக்கும் பிழைப்புப் போகும், அதுவும் ஒரு காரணம். பாஸ்டன் வணிகர் ஜான் ஹான்காக்கின் ‘லிபர்ட்டி’ கப்பல் 1768இல் கடத்தல் குற்றச்சாட்டில் பறிமுதலானது. எங்களைக் கேட்காமல் வரி போடுவது அடிமைத்தனம் என்று எழுதியவர்கள் பலர் மனிதர்களை விலைக்கு வாங்கி வைத்திருந்தார்கள். அந்த 13 காலனிகளில் வாழ்ந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அடிமை. இதையும் பிள்ளைகள் எழுதினால் மதிப்பெண் கிடைக்க வேண்டும். விடைக்குறிப்பில் இதற்கும் இடமில்லை. ‘மக்கள் கொதிப்பு’ என்று எழுதினால் போதும், எந்த மக்கள் என்று கேட்பாரில்லை.

தேயிலை கொட்டியதற்குத் தண்டனையாக 1774 ஜூன் 1 முதல் பாஸ்டன் துறைமுகத்தை மூடினார்கள். பாஸ்டன் அடங்கிய மாசசூசெட்ஸ் காலனியின் தன்னாட்சியைக் குறைத்தார்கள். செப்டம்பரில் பிலடெல்பியாவில் 12 காலனிகள் கூடின. 1775 ஏப்ரல் 19இல் லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்தது, போர் தொடங்கியது. இதெல்லாம் உங்கள் குறிப்பில் தேதியோடு சரியாக இருக்கிறது, அதில் எனக்கு வழக்கில்லை.

ஆனால் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. 1778இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றமே, காலனிகள் மேல் இனி வருவாய்க்காக வரி விதிப்பதில்லை என்று சட்டம் இயற்றியது. அமெரிக்காவின் சரடோகாவில் பிரிட்டிஷ் படை தோற்ற பிறகு, பிரான்ஸ் அமெரிக்கர்களோடு கைகோத்த பிறகு. வரிச்சுமைதான் காரணம் என்றால் அன்றே சமாதானம் ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. போர் இன்னும் ஐந்து ஆண்டு இழுத்து, 1783இல் பாரிஸ் உடன்படிக்கையில்தான் முடிந்தது.

ஒரு மார்க் என்று நீங்கள் சொல்லும்போது அது எங்கெல்லாம் போகிறது என்று யோசித்தீர்களா? உங்கள் விடைக்குறிப்பு அடுத்த மாதமே நகலெடுத்துச் சுற்றுக்கு வரும். டியூஷன் நோட்ஸில் ஏறும். பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர், சரியான காரணத்தை நடத்தி முடித்துவிட்டு, “பரீட்சையில் மட்டும் ‘விலை உயர்வு’ன்னு எழுதிடுங்க” என்று சொல்லத் தொடங்கிவிட்டதாக என்னிடமே சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தேர்ச்சி விழுக்காட்டுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் அவருக்குத்தானே வருகிறது.

ஆகவே கேட்கிறேன்.

அந்த ஒரு மதிப்பெண் வினாவின் விடையை ரத்து செய்யுங்கள். விடைக்குறிப்பே தவறு என்பதால், எந்த விடை எழுதியிருந்தாலும் எல்லா மாணவர்களுக்கும் அந்த மதிப்பெண்ணைக் கொடுக்கச் சொல்லி எல்லாப் பள்ளிகளுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். தொலைபேசியில் வேண்டாம்.

ஐந்து மதிப்பெண் வினாவுக்குத் திருத்திய விடைக்குறிப்பு அனுப்புங்கள். பிரதிநிதித்துவம் இல்லாத வரிவிதிப்பு, பிரகடனச் சட்டம், கம்பெனியின் ஏகபோகம், ஜூரி இல்லாத விசாரணை ஆகியவற்றை எழுதியவர்களின் தாள்களை மறுபடி திருத்த உத்தரவிடுங்கள். மதிப்பெண் பட்டியல் பதிவேட்டில் ஏறுவதற்கு முன் இது நடக்க வேண்டும்.

விடைக்குறிப்பு அச்சுக்குப் போகும் முன் அந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியர்கள் இருவராவது அதைப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். கூலி கேட்காமல் வரத் தயாராக இருப்பவர்கள் உண்டு, நானும் ஒருவன்.

ஆசிரியர்கள் எழுதிக் கொடுக்கும் ஆட்சேபங்களுக்கு எழுத்தில் பதில் தரும் முறையைக் கொண்டுவாருங்கள், ஏற்றாலும் மறுத்தாலும் காரணத்தோடு. என் ஆட்சேபத்திலிருந்தே தொடங்கலாம். அதன் நகல் உங்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு சமூக அறிவியல் ஆசிரியர்